மூன்று தரம் கேட்டும்

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை நம் சபைகளில் பெரும்பாலும் 5-ஆம் வசனத்திலிருந்துதான் பிரசங்கிப்பார்கள். பேதுரு சிறையில் இருக்கிறார், சபையார் ஊக்கத்தோடு ஜெபிக்கிறார்கள், தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது. நான்கு நான்கு பேராக நான்கு வகுப்பு, மொத்தம் 16 சேவகர் காவல். அத்தனை பேரையும் தாண்டி அவர் தெருவுக்கு வந்துவிடுகிறார். சாட்சிக்கு இதைவிட நல்ல பகுதி கிடைக்காது.

மூன்று வசனம் மேலே போனால் இன்னொரு அப்போஸ்தலர் இருக்கிறார். யோவானுடைய சகோதரன் யாக்கோபு. ஏரோது அவரைப் பட்டயத்தினால் கொலை செய்தான் என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதே ராஜா, அதே எருசலேம், அதே சபை. யாக்கோபிடம் தூதன் வரவில்லை.

"யாக்கோபுக்காக யாரும் ஊக்கமாய் ஜெபிக்கவில்லை, அதனால்தான்" என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. வசனத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. நடபடிகளை எழுதின லூக்கா காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாத இடத்தில் நாமாக ஒன்றை எழுதிச் சேர்க்கும் பழக்கம்தான், பதில் கிடைக்காத ஜெபத்தைப் பற்றிய நம் பேச்சில் பாதிக் குழப்பத்துக்கு வேர்.

இந்த யாக்கோபின் தாயார் முன்பு ஒரு விண்ணப்பம் வைத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும் (மத்தேயு 20). என் குமாரர் இருவரும் உம்முடைய ராஜ்யத்தில் ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்டார். நீங்கள் கேட்கிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்ன இயேசு, நான் குடிக்கும் பாத்திரத்தில் நீங்கள் குடிக்கக்கூடுமா என்றார். "கூடும்" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிட்டார்கள். பன்னிருவரில் அந்தப் பாத்திரத்தை முதலில் குடித்தவர் யாக்கோபு. அந்தத் தாய் கேட்ட வலது இடது இடங்களில் எருசலேமுக்கு வெளியே கடைசியில் யார் இருந்தார்கள் என்று மத்தேயு 27:38-ஐப் பார்த்தால் தெரியும்: இரண்டு கள்ளர். கேட்டது கேட்டபடி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அம்மா பிற்பாடு யோசித்திருப்பார்.

கைவசம் இருக்கும் பதில்கள்

ஜெபம் கேட்கப்படவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், நம்மிடம் எப்போதும் தயாராக மூன்று பதில்கள் இருக்கும். விசுவாசம் போதவில்லை. பாவம் இருக்கிறது. கர்த்தருடைய வேளை வரவில்லை. மூன்றுக்கும் வசனம் உண்டு. மூன்றையும் நோயாளியின் கட்டிலருகே நின்று தவறான ஆளிடம் சொல்கிறோம் என்பதுதான் சிக்கல்.

விசுவாசக் குறைவை எடுத்துக்கொள்வோம். பேதுரு விடுதலையான அதே இரவில், ஜெபம் நடந்துகொண்டிருந்த வீட்டின் கதவை அவரே வந்து தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு உள்ளே ஓடி வந்து சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளிடம் சொன்னது: "நீ பிதற்றுகிறாய்." அவள் சாதித்ததும், அது அவருடைய தூதனாயிருக்கும் என்றார்கள். பதில் வாசலில் நின்று தட்டுகிறது, கேட்டவர்களே நம்பவில்லை. அவ்வளவு விசுவாசத்துக்கே பதில் வந்தது என்றால், பதில் வராதவனுடைய விசுவாசத்தை அளந்து பார்க்க நம்மிடம் என்ன படி இருக்கிறது?

மறுபக்கமும் உண்டு. பவுலின் உடலில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய் வைத்தபோது எபேசுவில் வியாதிகள் நீங்கின (அப்போஸ்தலர் 19). அதே எபேசு ஊர்க்காரர் துரோப்பீமு, பவுலின் பயணத் துணை. 2 தீமோத்தேயு 4:20-ல் பவுல் சாதாரணமாக எழுதுகிறார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று. தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறு, அவருக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்ற கைவைத்தியம். "உன் விசுவாசம் எங்கே தம்பி" என்று கேட்கவில்லை. சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் எப்படிக் கடந்து போகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்தது பாவம். ஜெபத்துக்குத் தடை உண்டு என்று வேதம் நேராகவே சொல்கிறது. ஆனால் அது சுட்டும் தடைகளைக் கவனமாகப் பாருங்கள். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காத புருஷனின் ஜெபம் தடைபடும் (1 பேதுரு 3:7). ஏழையின் கூக்குரலுக்குக் காதை அடைத்தவன் கூப்பிடும்போது கேட்கப்படமாட்டான் (நீதிமொழிகள் 21:13). ஒருவன்மேல் குறை வைத்துக்கொண்டு நின்று ஜெபிக்காதே, மன்னி (மாற்கு 11:25). உபவாச நாளில் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறவர்களை ஏசாயா 58 வெளுத்து வாங்குகிறது. யாக்கோபு 4:3 இச்சைக்குச் செலவழிக்கக் கேட்பதைச் சொல்கிறது. பெரும்பாலும் வீட்டிலும் வேலையிடத்திலும் மற்றவர்களை நடத்துகிற விதம்தான் தடையாக வருகிறது. ஆலயத்துக்கு எந்த நிறப் புடவை, கழுத்தில் நகை இருந்ததா என்பதெல்லாம் இந்த வசனங்களில் எங்கும் காணோம்.

இந்தப் பட்டியல் கண்ணாடி மாதிரி. தன் முகத்தைப் பார்க்கத்தான். இதை எடுத்து அடுத்தவன் முகத்தில் பிடித்தவர்கள் யோபுவின் மூன்று நண்பர்கள். புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது பதில், வேளை. சகரியாவும் எலிசபெத்தும் வயது சென்ற பிறகு, "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்று தூதன் சொல்கிறான். உண்மைதான். ஆனால் எல்லாக் காத்திருப்பும் கிடைப்பதில் முடியும் என்று வாக்கு எதுவும் இல்லை. நான் யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்கட்டும் என்று மோசே கெஞ்சினபோது வந்த பதில், போதும், இனி இதைப் பற்றி என்னோடே பேசவேண்டாம் என்பது (உபாகமம் 3). காத்திரு என்று இல்லை. இல்லை என்றே வந்தது. மலையுச்சியிலிருந்து கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்தது வாக்குத்தத்த அட்டை விவகாரம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். எரேமியா 29:11 வந்தவர் முகம் மலரும்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தையும் அட்டையில் அச்சடித்தால் நன்றாயிருக்கும். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது அது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள். அதனால்தான் அதே கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று ஆரம்பிக்கிறது. மார்ச்சுக்குள் விசா வரும் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர், மார்ச் முடிந்ததும் ஆண்டவர் வாக்குத் தவறினார் என்று நினைப்பார். ஆண்டவர் அவருக்கு மார்ச் மாதத்தைக் கொடுக்கவே இல்லை.

கெத்செமனேயில் நடந்தது

கேட்டது கிடைக்காத ஜெபத்தை வேதம் மிக அருகில் வைத்துக் காட்டுவது ஒலிவமரத் தோட்டத்தில்தான். இயேசு சீஷர்களை விட்டுக் கல்லெறி தூரம் தள்ளிப் போகிறார். முகங்குப்புற விழுகிறார். மூன்று தரம் ஜெபிக்கிறார், மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொன்னார் என்கிறார் மத்தேயு. ஆனால் முதலாவதையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு நகர்வு தெரியும். முதலில்: இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும். இரண்டாவதில்: நான் இதில் பானம்பண்ணினாலொழிய இது நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது. "கூடுமானால்" என்பது "கூடாதாகில்" என்று மாறியிருக்கிறது. இடையில் வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிற சீஷர்களை எழுப்பிவிட்டுத் திரும்பி வந்ததுதான் இடையில் நடந்தது. கேட்கக் கேட்கத்தான் ஜெபம் நகர்ந்திருக்கிறது.

லூக்கா இன்னொன்று சேர்க்கிறார்: ஒரு தூதன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான். (சில பழைய கைப்பிரதிகளில் இந்த இரண்டு வசனங்கள் இல்லை.) பலப்படுத்தின பிறகு வேதனை குறையவில்லை, கூடுகிறது, அதற்குப் பின்புதான் வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுகிறது. பலம் வந்தது பாத்திரத்தை எடுத்துப்போட அல்ல, குடிக்க. எபிரெயர் 5:7 இந்த ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது, தம்மை மரணத்தினின்று இரட்சிக்க வல்லவரை நோக்கிக் கண்ணீரோடு விண்ணப்பம்பண்ணினார், கேட்கப்பட்டார் என்கிறது. மறுநாள் சிலுவையில் மரித்தவருடைய ஜெபத்தைக் "கேட்கப்பட்டது" என்று எழுதுகிறது. கேட்கப்படுவதும் கேட்டபடி கொடுக்கப்படுவதும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் இந்த வசனத்துக்குப் பொருளே கிடைக்காது.

பவுலும் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம்தான் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு நான்காம் தரம் கேட்டதாக எழுத்து இல்லை. எப்போது நிறுத்துவது என்று கேட்கிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு உண்டு: பவுலுக்குப் பதில் வந்தது, நிறுத்தினார். நியாயாதிபதியிடமிருந்து பதிலே வராத விதவை லூக்கா 18-ல் நிறுத்தவில்லை, அதற்காகவே அவளை இயேசு உதாரணமாகச் சொன்னார். மௌனத்தை "இல்லை" என்று அவசரப்பட்டு மொழிபெயர்க்க வேண்டாம். "இல்லை" என்று தெரிந்த பிறகு மௌனம் என்று நடிக்கவும் வேண்டாம். மரித்துப்போன பிள்ளை, வேறொருவரை மணந்துகொண்ட பெண், இதெல்லாம் தெரிந்த பதில்கள்.

அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே

பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்ற கேள்வி இயற்கை. நீங்கள் வேண்டிக்கொள்ளுமுன்னே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8 சொல்கிறது. அடுத்த வசனம் பரமண்டல ஜெபம். கிரேக்க மூலத்தில் அந்த 9-ஆம் வசனத்தில் "ஆகவே" என்ற சொல் இருக்கிறது: அவர் அறிந்திருக்கிறார், ஆகவே இப்படி ஜெபியுங்கள். நாம் தடையாக நினைப்பதையே இயேசு காரணமாக வைக்கிறார். தெரியாதவருக்குத் தகவல் சொல்வதானால் மனு எழுத வேண்டும், இணைப்புகள் சேர்க்க வேண்டும், பேச்சு நீளும். அறிந்தவரிடம் பேசுவதற்குச் சில வரிகள் போதும். பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகாது. அதிலும் முதல் மூன்று விண்ணப்பங்கள் அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம். நம் அப்பம் நான்காவதாகத்தான் வருகிறது, அதுவும் இன்றைக்கு வேண்டிய அளவு. "என்" என்ற சொல்லே கிடையாது, எல்லாம் "எங்கள்". நம் தனி ஜெபத்தை ஒருநாள் எழுதி வைத்து இதோடு ஒப்பிட்டால் வரிசை எங்கே தலைகீழானது என்று தெரிந்துவிடும்.

இதே கேள்விக்கு ஆதித் திருச்சபையின் ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீன், புரோபா என்ற விதவைக்கு எழுதின கடிதத்தில் சொன்ன பதிலைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கடவுள் நம் விருப்பத்தை அறிந்துகொள்வதற்காக நாம் ஜெபிக்கவில்லை. அவர் கொடுக்க வைத்திருப்பது பெரிது, வாங்குகிற நம் பாத்திரம் சிறிது, ஜெபத்தில் அந்த ஆசை விரிகிறது என்பது சாரம். இதை அவர் தன் வீட்டிலேயே பார்த்திருந்தார். 383-ல் அவர் ஆப்பிரிக்காவை விட்டு ரோமுக்குக் கப்பலேறப் பார்த்தபோது தாய் மோனிக்கா கூடவே வந்து தடுத்தார். நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மகன் இரவோடு இரவாகப் போய்விட்டார். அந்த இரவு முழுதும் தாய் துறைமுகத்துக்கு அருகே சிப்ரியன் நினைவாலயத்தில், மகன் போகக்கூடாது என்று அழுது ஜெபித்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது கப்பல் இல்லை. ரோமுக்குப் போனவர் அங்கிருந்து மிலானுக்குப் போனார், அந்த ஊர்ப் பேராயர் அம்புரோஸின் பிரசங்கத்தைக் கேட்டார், 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். மோனிக்கா வருஷக்கணக்காகக் கேட்டது அதைத்தான். அன்றிரவு கேட்டதை மறுத்து, எப்போதும் கேட்டதைக் கொடுத்தீர் என்று மகனே பின்னால் எழுதினார்.

இப்படி அழகாக முடியும் கதைகளில் ஒரு ஆபத்தும் உண்டு. டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் சிறுமியாக இருந்தபோது நீலக் கண்கள் வேண்டும் என்று ஜெபித்ததும், பழுப்புக் கண்களே இருந்ததும், பிறகு தமிழ்நாட்டில் அதுவே உதவியாக இருந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே ஏமி 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில் கிடந்தார் என்பதைக் குறைவாகச் சொல்வோம். டோனாவூர் முழுவதும் அவர் சுகத்துக்காக ஜெபித்தது. நீலக் கண்ணுக்குக் கிடைத்த மாதிரி இதற்கு ஒரு வரி விளக்கம் இல்லை. படுக்கையிலிருந்தே நிறைய எழுதினார் என்று சொல்லலாம். எழுதுவதற்காகத்தான் விழவைத்தார் என்று சொன்னால் யோபுவின் நண்பர்கள் வரிசையில் போய் நின்றுவிடுவோம்.

ஜெபத்தை எண்ணி அளந்து பார்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழு வெளியிட்ட ஆய்வில், 6 மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் செய்த 1,802 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஜெபிக்கப்பட்டும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது, ஜெபிக்கப்படாதவர்களில் 51, உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59. நாத்திகர்களுக்கு இது நல்ல தீனி. ஆனால் அதில் ஜெபித்தவர்கள் நோயாளியைப் பார்த்ததில்லை, கையில் முதற்பெயரும் குடும்பப்பெயரின் முதலெழுத்தும்தான், வாக்கியமும் ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டது. "ஜெபிக்கப்படாத" பிரிவினருக்காக அவர்கள் வீட்டார் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அதைவிட, இவ்வளவு ஜெபம் போட்டால் இவ்வளவு சுகம் என்று எதிர்பார்ப்பது மருந்தைச் சோதிக்கும் முறை. பிதாவிடம் பிள்ளை கேட்பது அந்தக் கணக்கில் வராது. ஆய்வு பொய்யென்று நான் சொல்லவில்லை. எந்திரம் போன்ற ஒரு ஜெபத்தைச் சோதித்தது, அப்படி ஒரு எந்திரம் இல்லை என்று கண்டுபிடித்தது.

கிடைக்காத பிறகு

நடைமுறைக்கு வருவோம். தாவீது தன் குழந்தைக்காகத் தரையில் கிடந்து உபவாசித்தார். ஏழாம் நாளில் குழந்தை செத்தது. 2 சாமுவேல் 12:20 அடுத்து நடந்ததை வினைச்சொல் வினைச்சொல்லாக எழுதுகிறது: எழுந்தார், குளித்தார், எண்ணெய் பூசினார், உடை மாற்றினார், ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டார், வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டார், சாப்பிட்டார். ஊழியக்காரருக்கு அதிர்ச்சி. ஆனால் அந்த வரிசை அப்படியே பயன்படும். உபவாசம் என்பது ஆண்டவருக்கு எதிராக நடத்தும் உண்ணாவிரதப் போராட்டம் கிடையாது. பதில் தெரிந்த பிறகு அதை நீட்டிப்பதில் பக்தி ஒன்றும் இல்லை. நாள்கணக்கில் உபவாசித்தவர்கள் முதலில் கஞ்சி குடிக்கட்டும், பிரியாணி இரண்டு நாள் காத்திருக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் தொடங்கவே கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களுக்கு 13-ஆம் சங்கீதம் நல்ல அச்சு. மொத்தம் 6 வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறது. முறையீடு மட்டும், மரியாதைப் பூச்சு கிடையாது. 3, 4-ல் நேரான விண்ணப்பம்: நோக்கிப் பாரும், கண்களைத் தெளிவாக்கும். 5, 6-ல் நம்பிக்கை. நம்மில் பலர் முதல் இரண்டு வசனத்தைத் தாண்டி நேராக ஐந்தாவதுக்குக் குதிப்போம், "எல்லாம் நன்மைக்கே" என்று. உள்ளே முறையீடு அப்படியே புளித்துப்போய்க் கிடக்கும். ஒரு தாளில் நான்கு "எதுவரைக்கும்" எழுதி, ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த விஷயத்தால் நிரப்புங்கள். பிறகு ஒரே ஒரு விண்ணப்பம், தேதியோடு. "ஆசீர்வதியும்" என்று பொதுவாக எழுதினால் பதில் வந்தாலும் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. கடைசிப் பகுதி அன்றைக்கு வராவிட்டால் இடம் விட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து வேறு மையில் எழுதலாம்.

பிறருக்குத் துணையாகப் போகிறவர்களுக்கு: துக்கவீட்டில் ரோமர் 8:28-ஐச் சொல்லாதீர்கள். அது பொய்யென்பதால் அல்ல. துக்கப்படுகிறவரே ஒருநாள் உங்களிடம் சொல்ல வேண்டிய வசனம் அது. யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது முதல் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்ததுதான். மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள் என்றோ, காணிக்கை விதைத்தால் பதில் வரும் என்றோ யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம், எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும்.

ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் ஒரு வெளிச்சத்தில் வந்து முடியும்; இது முடிவதில்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். அங்கேயே நிறுத்திவிட்டு ஆமென் சொல்லுங்கள். 89 "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று தொடங்குகிறது. அதை அன்றைக்கு வாசிக்க வேண்டாம்.